யாருக்கும் யாருக்கும் போட்டி? கார் பந்தய வர்ணனை பழகிய அனுபவம்

நான் முதன்முதலாக வர்ணனை செய்த ஆறு மணி நேரப் பந்தயத்தில், முதல் மணி முடிந்ததும் மைக்கைத் துணை வர்ணனையாளரிடம் விட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்தேன். அப்பா போனில் கூப்பிட்டார். சிங்கம்புணரிப் பக்கம் எங்கள் ஊர். அவர் திண்ணையில் உட்கார்ந்து, போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, படத்தைப் பார்க்காமல் என் குரலை மட்டும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"ஏத்தா, நல்லாத்தான் பேசுற. ஆனா யாருக்கும் யாருக்கும் போட்டின்னு எனக்கு வெளங்கவே இல்ல. அந்தப் பதினேழாம் நம்பரு திடீர்னு எங்க இருந்து வந்துச்சு?"

இரண்டு வருடமாக இந்த வேலையைப் பழகிக்கொண்டிருக்கிறேன். இதில் எனக்குக் கிடைத்த ஆகப் பெரிய பாடம் அந்தக் கேள்விதான். புதிதாக மைக் பிடிக்க நினைப்பவர்களுக்கு உதவும் என்பதால், பட்டு அறிந்ததையெல்லாம் எழுதி வைக்கிறேன்.

ஃபார்முலா ஒன் பார்த்துப் பழகியவர்களுக்கு ஸ்போர்ட்ஸ் கார் பந்தயம் முதலில் தலைசுற்றும். அங்கே எல்லா வண்டியும் ஒரே வகை. முன்னால் போகிறவர் முதல், பின்னால் வருகிறவர் இரண்டாவது. ஸ்போர்ட்ஸ் கார் பந்தயத்தில் ஒரே ஓடுதளத்தில் இரண்டு மூன்று வகுப்புகள் சேர்ந்து ஓடும். பிரான்சில் நடக்கும் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு லேப், அதாவது ஒரு சுற்று, 13.626 கிலோமீட்டர். அறுபதுக்கு மேற்பட்ட வண்டிகள் ஓடும். ஹைப்பர்கார், எல்எம்பி2, எல்எம்ஜிடி3 (சுருக்கமாக ஜிடி3) என்று மூன்று வகுப்பு, வேகத்திலும் அதே வரிசைதான். ஹைப்பர்கார் ஒரு லேப்பை ஏறத்தாழ மூன்றரை நிமிடத்தில் முடிக்கும். ஜிடி3 வண்டிக்கு நான்கு நிமிடம் பக்கம் ஆகும். ஆகவே எட்டு லேப்புக்கு ஒருமுறை வேகமான வண்டி மெதுவான வண்டியை ஒரு முழுச் சுற்று தாண்டிவிடும். இப்படி வகுப்பு விட்டு வகுப்பு தாண்டுவது இரவும் பகலும் ஆயிரக்கணக்கான முறை நடக்கும். அதில் ஒன்றுகூடப் போட்டி கிடையாது, வெறும் போக்குவரத்து. நிஜப் போட்டி எங்கோ பதினான்காம் இடத்துக்கும் பதினைந்தாம் இடத்துக்கும் நடுவில் நடந்துகொண்டிருக்கும். அதைக் கண்டுபிடித்துச் சொல்வதுதான் வர்ணனையாளருடைய வேலை.

அப்பாவுக்கு இதைப் புரியவைக்க எனக்கு ஒரே வழிதான் தோன்றியது. எங்கள் பக்கம் மாட்டுவண்டிப் பந்தயத்தில் பெரிய மாடு, நடுமாடு, கரிச்சான் மாடு, பூஞ்சிட்டு என்று பிரித்துத் தனித்தனியாக விடுவார்கள். பெரிய மாட்டுக்கு எல்லை தூரம், பூஞ்சிட்டுக்குக் கிட்டம். "அப்பா, இந்த எல்லாத்தையும் ஒரே ரோட்டுல ஒரே நேரத்துல அவுத்து விட்டா எப்படி இருக்கும்? பெரிய மாடு பூஞ்சிட்டைத் தாண்டினா அதுக்கு யாரும் கை தட்ட மாட்டாங்கல்ல? பூஞ்சிட்டு பூஞ்சிட்டைத் தாண்டினாத்தானே பரிசு?" என்றேன். சட்டென்று பிடித்துக்கொண்டார். "அப்ப அதைச் சொல்லிட்டுப் பேசுத்தா" என்றார். அடுத்த முறை மைக் என்னிடம் வந்ததும் முதல் வேலையாக அதைத்தான் சொன்னேன். இன்றுவரை ஒவ்வொரு ஒளிபரப்பிலும் அரை மணிக்கு ஒருமுறை இந்த உவமையை ஏதாவது ஒரு வடிவத்தில் சொல்லிவிடுகிறேன். நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்கு அது தேவை.

நான் எப்படி இதற்குள் வந்தேன் என்று கேட்பார்கள். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் வேலை. இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளம் அருகில்தான். 1990-இல் திறந்த தளம் அது. பன்னிரண்டு திருப்பம், 3.717 கிலோமீட்டர். அதற்கு முன் சென்னைப் பந்தயம் என்றால் சோழவரம்தான், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுபாதையில் நடந்தது. வாரக் கடைசிகளில் இருங்காட்டுக்கோட்டையில் தன்னார்வ மார்ஷலாக, அதாவது தள ஓரத்தில் நின்று ஓட்டுநர்களுக்குக் கொடி காட்டுகிறவளாக, இரண்டு பருவம் நின்றேன். கொடி அசைத்தே பந்தயம் படித்தேன் என்று சொல்லலாம். மஞ்சள் கொடி எப்போது அசைகிறது, நீலக் கொடி யாருக்குக் காட்டப்படுகிறது, ஒரு வண்டி மணலில் இறங்கினால் மார்ஷல் எந்த நொடியில் ஓடலாம், எந்த நொடியில் ஓடக் கூடாது என்பதெல்லாம் உடம்பில் ஏறிவிட்டது. வர்ணனைக்கு வர விரும்புகிறவர்கள் முடிந்தால் முதலில் மார்ஷலாக நில்லுங்கள். வெயில் கொளுத்தும், காது வலிக்கும், ஆனாலும் நில்லுங்கள்.

2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயம் வந்தது. அஜித்குமாருடைய அணி ஓடுகிறது என்பதால் அதுவரை கார் பந்தயமே பார்க்காத தமிழர்கள் அதைப் பார்த்தார்கள். அணி 992 என்ற போர்ஷே வண்டிகளுக்கான வகுப்பில் மூன்றாம் இடம் பிடித்தது. அன்றைக்கு என் போனில் வந்த கேள்விகளில் பாதி ஒரே கேள்விதான்: "மூணாவதுன்னா மொத்தத்துல மூணாவதா? அப்ப முன்னாடி போன அத்தனை வண்டியும் என்ன?" அலுவலகத்தில் சாப்பாட்டு நேரத்தில் எட்டுப் பேருக்கு வகுப்பு என்றால் என்ன என்று டிபன் டப்பாக்களை வரிசையாக வைத்து விளக்கினேன். தமிழில் இதைச் சொல்ல ஆள் வேண்டும் என்று அன்றைக்கு எனக்கு உறைத்தது. சில வாரம் கழித்து, கம்ப்யூட்டர் சிமுலேட்டரில் நீண்ட நேரப் பந்தயம் நடத்தும் நண்பர்கள் குழு ஒன்று தமிழ் வர்ணனைக்கு ஆள் தேடியது. சென்னை, கோவை, துபாய், சிங்கப்பூர் என்று அவரவர் வீட்டில் ஸ்டீயரிங் வைத்துக்கொண்டு ஓட்டுகிறவர்கள். வண்டி திரையில் ஓடினாலும் வியூகம், எரிபொருள், டயர், ஓட்டுநர் மாற்றம் எல்லாம் அசல் பந்தயத்தைப் போலவேதான். பழகுவதற்கு இதைவிட நல்ல இடம் கிடையாது.

ஒத்துக்கொண்ட பிறகு ஆறு வாரம் பயிற்சி செய்தேன். பழைய பந்தயம் ஒன்றை ஒலியில்லாமல் ஓடவிட்டு, இருபது நிமிடம் பேசிப் போனில் பதிவு செய்வேன். அடுத்த நாள் காலையில் கம்பெனி பஸ்ஸில் போகும்போது அந்தப் பதிவை மட்டும் கேட்பேன், படம் கிடையாது. படம் இல்லாமல் கேட்பதுதான் இந்தப் பயிற்சியின் உயிர். முதல் பதிவில் "பாருங்க, பாருங்க" என்று 61 முறை சொல்லியிருந்தேன். எதைப் பார்க்க வேண்டும் என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. மூன்றாம் வாரத்தில் ஒரு விதி வைத்துக்கொண்டேன்: எந்த வண்டி, எந்த வகுப்பு, வகுப்பில் எத்தனையாம் இடம், யாரைத் துரத்துகிறது. இந்த நான்கும் இருபது வினாடிக்குள் வாயிலிருந்து வந்துவிட வேண்டும். லெ மானில் ரசிகர்கள் 91.2 எஃப்.எம்.மில் ரேடியோ லெ மான் கேட்டுக்கொண்டே தளத்தைச் சுற்றி நடப்பார்கள். அதைக் கேட்டுப் பாருங்கள். படம் இல்லாதவர்களுக்குப் பந்தயத்தைக் காட்டுவது எப்படி என்று அதில் கற்கலாம். நம் ஊரில் சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் வானொலியில் செய்த தமிழ்க் கிரிக்கெட் வர்ணனையும் அந்த வகைதான். டிவி இல்லாத வீட்டில் மைதானத்தைக் கொண்டுவந்து வைத்த குரல்.

இனி நான் அதிகம் தடுமாறிய இடத்துக்கு வருகிறேன். தமிழில் வினைச்சொல் கடைசியில் வரும். "நாற்பத்தெட்டாம் எண் வண்டி, லா சோர்ஸ் திருப்பத்தில், பன்னிரண்டாம் எண் வண்டியை, உள்பக்கமாக..." என்று நான் சொல்லி "முந்துகிறது" என்று முடிப்பதற்குள் இரண்டு வண்டியும் அடுத்த திருப்பத்தில் இருக்கும். சில நேரம் முந்தாமலே போயிருக்கும், வாக்கியத்தை எப்படி முடிப்பது என்று தெரியாமல் நிற்பேன். எழுத்துத் தமிழின் வரிசையில் நேரலை பேச முடியாது. ஆனால் நம் பேச்சு வழக்கில் இதற்கு வழி ஏற்கெனவே இருக்கிறது. வீட்டுக்கு ஓடிவரும் பிள்ளை எப்படிச் சொல்கிறது? "விழுந்துட்டான்மா தம்பி, படிக்கட்டுல!" வினை முதலில் வந்துவிடுகிறது. அதையே எடுத்துக்கொண்டேன். "உள்ளே போகிறார் நாற்பத்தெட்டு! பிரேக்கைத் தாமதமாகப் பிடிக்கிறார், பக்கத்தில் பக்கத்தில், முந்திவிட்டார்! பன்னிரண்டு பின்னால்." ஒவ்வொரு துண்டும் தனியாக முடிந்துவிடும். நடுவில் எது மாறினாலும் அடுத்த துண்டை மாற்றிச் சொல்லிக்கொள்ளலாம். இது கைவர எனக்கு நான்கு பந்தயம் ஆனது.

எண்களும் படுத்தும். "எழுநூற்று எழுபத்தேழு" என்று சொல்லி முடிப்பதற்குள் மூச்சு போய்விடும். மூன்று ஏழு என்பேன். இரண்டாம் முறையிலிருந்து நிறத்தையும் அணியையும் வைத்துக் கூப்பிடுவேன்: மஞ்சள் போர்ஷே, கோவைப் பையன்களின் பிஎம்டபிள்யூ. ஆனால் எண்ணை அடியோடு விட்டுவிடக் கூடாது. கேட்கிறவர் கையில் டைமிங் பட்டியல் இருக்கும், அதில் எண்தான் இருக்கும்.

இன்னொன்று மரியாதை. சூடு பிடிக்கும்போது "போறான் பாரு, விடமாட்டேங்கிறான்" என்று வாயில் வந்துவிடும். முதல் பந்தயம் முடிந்து இரண்டு நாள் கழித்து ஒரு ஓட்டுநரின் அம்மா, குழுவில் இருந்த யாரிடமோ என் எண்ணை வாங்கிக் கூப்பிட்டார். கோபமாக இல்லை. "என் பையனுக்கு நாப்பது வயசும்மா, அவன் பொண்ணும் பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டிருந்துச்சு" என்றார். அவர் சொன்னது முழுக்க நியாயம். அன்றிலிருந்து ஓட்டுநர் எப்போதும் "ஆர்", வண்டி எப்போதும் "அது". தவறு செய்த ஓட்டுநருக்கும் அதே மரியாதைதான்.

பந்தய நாளுக்கு முன்னால் செய்கிற வேலைதான் பெரிய வேலை. பங்கேற்போர் பட்டியல் வந்ததும் ஒவ்வொரு அணிக்கும் செய்தி அனுப்பி, ஓட்டுநர் பெயரை அவர்கள் குரலிலேயே பதிவு செய்து அனுப்பச் சொல்வேன். ஒருவர் பெயரைத் தப்பாகச் சொன்னால் அவர் வீட்டார் மொத்தப் பேருக்கும் அது முள்ளாகக் குத்தும். அப்புறம் ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு வரி. என்ன வேலை, எத்தனை வருடமாக ஓட்டுகிறார், மழையில் எப்படி. அசல் ஸ்போர்ட்ஸ் கார் பந்தயத்தில் ஓட்டுநர்களை பிளாட்டினம், கோல்டு, சில்வர், வெண்கலம் என்று தரம் பிரிப்பார்கள். எல்எம்ஜிடி3 அணி ஒவ்வொன்றிலும் ஒரு வெண்கல ஓட்டுநராவது இருக்க வேண்டும். வேறு தொழில் செய்துகொண்டு ஆசையால் ஓட்டுகிறவர்கள் பலர் அந்தத் தரத்தில் இருப்பார்கள். இப்போது வண்டிக்குள் யார் இருக்கிறார் என்று தெரியாமல் "இந்த வண்டி மெதுவாகிவிட்டது" என்று சொல்வது அநியாயம். வெண்கல ஓட்டுநர் பிளாட்டினம் ஓட்டுநரைவிட லேப்புக்கு இரண்டு வினாடி மட்டும் இழந்து வண்டியைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தால் அது அந்த அணிக்கு வெற்றி. அதை நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

சரி, அப்பா கேட்ட பதினேழாம் நம்பருக்கு வருகிறேன்.

அந்தப் பந்தயம் பெல்ஜியத்தின் ஸ்பா தளத்தில், சிமுலேட்டரில். 34 வண்டி, அதில் 22 ஜிடி3. முப்பதாவது நிமிடத்தில் ஒரு விபத்தால் தளம் முழுக்க மஞ்சள் கொடி. எல்லா வண்டியும் மெதுவாகப் போகும் அந்த நேரத்தில் பிட்டுக்குள், அதாவது எரிபொருள் நிரப்பவும் டயர் மாற்றவும் ஒதுங்கும் இடத்துக்குள், போனால் இழப்பு குறைவு. பதினேழும் இன்னும் சிலரும் உடனே உள்ளே போய் எரிபொருள் நிரப்பிக்கொண்டார்கள். முன்னணியில் இருந்தவர்கள் போகவில்லை. திரையில் பதினேழு ஒன்பதாம் இடத்துக்கு இறங்கியது. நான் அதை அதோடு மறந்துவிட்டேன். அடுத்த இருபத்தைந்து நிமிடமும் முதல் மூன்று வண்டிகளைப் பற்றியே உருகி உருகிப் பேசினேன். ஐம்பத்தைந்தாவது நிமிடத்தில் அந்த மூன்றும் பிட்டுக்குள் போயின. இந்த முறை மற்றவர்கள் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்ததால் ஒரு நிமிடத்துக்கு மேல் போய்விட்டது. பதினேழு முதலிடத்தில் வந்து நின்றது. "அட, பதினேழு!" என்று நான் வியந்தேன். அது என் வேலையில் நடந்த தவறு. முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டியவள் நான். அந்த இருபத்தைந்து நிமிடமும் உண்மையான முன்னணி வண்டி ஒன்பதாம் இடத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கேட்டுக்கொண்டிருந்த ஒருவரிடமும் நான் அதைச் சொல்லவில்லை.

நான் கணக்குப் பிரிவுக்காரி. மறுநாளே ஒரு நீளப் பேரேடு வாங்கிக் கோடு போட்டேன். இப்போதும் அதே முறைதான். இடது ஓரத்தில் வண்டி எண், வகுப்புக்கு ஒரு நிறப் பேனா. அடுத்த கட்டத்தில் இப்போது ஓட்டுகிறவர் பெயரின் முதல் எழுத்து. பிறகு ஒவ்வொரு பிட் ஸ்டாப்புக்கும் ஒரு கட்டம். உள்ளே வந்த நிமிடம், டயர் மாற்றினார்களா என்பதற்கு ஒரு வட்டம், எரிபொருள் மட்டும் என்றால் ஒரு கோடு. கடைசிக் கட்டத்துக்கு "பாக்கி" என்று தலைப்பு. பந்தயம் முடிய இந்த வண்டி இன்னும் எத்தனை முறை உள்ளே வந்தாக வேண்டும் என்பது அதில் இருக்கும். பென்சிலால் எழுதி அழித்து எழுதுவேன். மஞ்சள் கொடி விழுந்தால் முதலில் என் கண் திரைக்குப் போகாது, அந்தப் பாக்கிக் கட்டத்துக்குத்தான் போகும். ஒளிபரப்பிலும் இதே சொல்தான்: "எண்பத்தெட்டு முதலிடத்தில் இருக்கிறது, ஆனால் அதற்கு இன்னும் ஒரு ஸ்டாப் கடன் இருக்கிறது. இருபத்திரண்டு கடனை அடைத்துவிட்டது." கடன் என்ற ஒரு சொல்லில் வியூகம் முழுவதும் எல்லாருக்கும் புரிந்துவிடுகிறது. இப்போது குழுவில் ஓட்டுநர்களே "நமக்கு ஒரு கடன் இருக்கு" என்றுதான் பேசிக்கொள்கிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு சந்தோஷம்.

தப்பாகச் சொல்லிவிட்டால் உடனே திருத்திச் சொல்லுங்கள். "சற்று முன் நான் சொன்னது தவறு, முன்னணியில் இருப்பது இருபத்திரண்டு." அவ்வளவு போதும். மன்னிப்புக் கேட்டு நீட்டினால் அதற்குள் இன்னொன்று நடந்துவிடும்.

துணை வர்ணனையாளர் பற்றிச் சொல்ல வேண்டும். நடப்பதை நடக்க நடக்கச் சொல்கிறவர் ஒருவர், ஏன் அப்படி நடந்தது என்று விளக்குகிறவர் இன்னொருவர். விளக்குகிற நாற்காலிக்கு ஓட்டிப் பழகியவர் வேண்டும். சென்னையின் கருண் சந்தோக் 2012 லெ மானில் ஓடி மொத்தத்தில் ஆறாவதாக முடித்தவர். இப்போது ஃபார்முலா ஒன் ஒளிபரப்பில் அவர் ஒரு திருப்பத்தை விளக்கும்போது ஓட்டுநரின் காலும் கையும் என்ன செய்கின்றன என்பது நமக்குத் தெரிகிறது. என் துணைவர் கோவைத் தம்பி, சிமுலேட்டரில் ஆயிரம் மணி நேரம் ஓட்டியவர். நான் "எண்பத்தெட்டு வழுக்குகிறது" என்றால் அவர், "அக்கா, அவருக்குப் பின் டயர் முடிஞ்சுதுங்க, ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்பிப் பிடிக்கிறாரு பாருங்க" என்பார். அவர் கோவையில், நான் ஸ்ரீபெரும்புதூரில். முதலில் இருவரும் ஒருவர் மேல் ஒருவர் ஏறிப் பேசினோம். இப்போது தனியாக ஒரு வீடியோ அழைப்பு ஓடும். பேச வேண்டுமென்றால் விரல் உயர்த்த வேண்டும். ஒரு விரல் என்றால் பொறுத்துச் சொல்லலாம், இரண்டு விரல் என்றால் உடனே. வண்டிகள் பக்கத்தில் பக்கத்தில் ஓடும்போது மைக் என்னுடையது, அவர் எவ்வளவு நல்ல விஷயம் சொல்லிக்கொண்டிருந்தாலும் நிறுத்திவிடுவார். அந்த ஒப்பந்தத்தைப் பந்தயத்துக்கு முன்பே பேசி வையுங்கள்.

2021 லெ மானின் கடைசி லேப்பை நான் அடிக்கடி போட்டுப் பார்ப்பேன். மொத்தத்தில் டொயோட்டாவின் ஏழாம் எண் வண்டி வெல்லப் போகிறது, அதில் பரபரப்பு இல்லை. எல்எம்பி2 வகுப்பில் முன்னணியில் இருந்த டபிள்யூஆர்டி அணியின் 41 கடைசி லேப்பில் நின்றுபோகிறது. அதே அணியின் 31 முதலிடத்துக்கு வருகிறது. பின்னால் ஜோட்டா அணியின் 28 துரத்துகிறது. 24 மணி நேரம் ஓடி, கடைசியில் 0.727 வினாடி வித்தியாசம். வெற்றிக் கொடியை நோக்கி வருகிற டொயோட்டாவை மட்டும் பேசிக்கொண்டிருந்தால் இது கையை விட்டுப் போய்விடும். ஒலியை அணைத்துவிட்டு அந்த லேப்புக்கு நானே வர்ணனை சொல்லிப் பழகியிருக்கிறேன், பதினைந்து முறையாவது இருக்கும்.

2016-ஐயும் போட்டுப் பார்ப்பேன். முன்னணியில் போன டொயோட்டா கடைசிச் சில நிமிடங்களில் சக்தி இழந்து, பிட் சுவருக்கு முன்னாலேயே நின்றது. போர்ஷே வென்றது. அதற்கு வர்ணனை சொல்லிப் பார்த்தால் தெரியும், சொற்கள் போதாது. அந்த டொயோட்டாவை ஓட்டிய கஸுகி நகாஜிமாவின் வண்டி நிற்கிறது என்று சொல்லிவிட்டு ஐந்து வினாடி வாயை மூடிக்கொண்டால்தான் அது கேட்கிறவருக்குப் போய்ச் சேரும். அமைதிக்குப் பயப்படாமல் இருக்க எனக்கு ரொம்ப நாள் ஆனது.

விபத்து வேறு விஷயம், அதில் நான் கண்டிப்பானவள். வண்டி தடுப்பில் மோதினால் முதலில் சொல்ல வேண்டியது எந்த வண்டி, எந்த இடம், என்ன கொடி. ஓட்டுநர் நிலை பற்றி ஊகிக்கக் கூடாது. "ஒன்றும் ஆகியிருக்காது" என்றும் சொல்லக் கூடாது, "ஐயோ" என்றும் கத்தக் கூடாது. வீட்டில் கேட்டுக்கொண்டிருப்பார்கள். துபாய் பயிற்சியில் அஜித்குமாரின் வண்டி தடுப்பில் மோதிச் சுழன்ற காட்சி அன்றைக்கு எல்லாருடைய போனுக்கும் வந்தது. அவர் நடந்து வெளியே வந்ததைக் காணும் வரை என் தங்கைக்கு மூச்சே வரவில்லை. ஒரு குரலாவது நிதானமாக "ஓட்டுநர் தானாக வெளியே வந்துவிட்டார்" என்று சொல்ல மாட்டாதா என்று அப்போது நினைத்தேன். யார் மேல் தப்பு என்று சொல்வதும் நம் வேலை இல்லை, அது நடுவர்களின் வேலை. இரண்டு கோணத்தில் மறுகாட்சி வந்த பிறகு பார்த்ததை மட்டும் சொல்லலாம்.

நான்காம் மணி நேரம் ஒன்று இருக்கிறது. வண்டிகள் பரவிப் போயிருக்கும், முந்துதல் எதுவும் இருக்காது, பேச்சு வற்றிவிடும். அதற்காகப் பத்துப் பன்னிரண்டு கதைகளைச் சிறு அட்டைகளில் எழுதி வைத்திருக்கிறேன். ஒருமுறை 1969 லெ மான் கதையைத் தொடங்கினேன். அந்தக் காலத்தில் கொடி விழுந்ததும் ஓட்டுநர்கள் தளத்தின் குறுக்கே ஓடிப்போய் வண்டியில் ஏறிக் கிளம்ப வேண்டும். அவசரத்தில் பெல்ட் போட முடியாது. அது ஆபத்து என்று காட்டுவதற்காக ஜாக்கி இக்ஸ் என்ற ஓட்டுநர் ஓடாமல் நிதானமாக நடந்து போனார், பெல்ட்டை மாட்டினார், கடைசி ஆளாகக் கிளம்பினார். இந்த இடத்தில் ஜிடி3-இல் இரண்டு வண்டிகள் மூக்கும் வாலுமாகச் சேர்ந்துவிட்டன, கதையை அப்படியே விட்டுவிட்டேன். அந்தச் சண்டை நாற்பது நிமிடம் நீண்டது. சண்டை முடிந்ததும் அரட்டைப் பெட்டியில் முப்பது பேர், "அந்த மனுஷன் ஜெயிச்சாரா இல்லையா?" ஜெயித்தார், நூறு மீட்டர் சொச்சம் வித்தியாசத்தில். கதையைப் பாதியில் விடத் தயாராக இருந்தால் மட்டும் கதை சொல்லுங்கள்.

உடம்பு விஷயம் சுருக்கமாக. ஒரே ஆள் ஆறு மணி நேரம் பேச முடியாது, நாற்பத்தைந்து நிமிடத்துக்கு ஒருமுறை மாறுங்கள். வெதுவெதுப்பான தண்ணீர், பனங்கற்கண்டு. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு உட்காராதீர்கள். முதல் எட்டுப் பந்தயம் எனக்குப் பணம் கிடையாது. ஒன்பதாவதற்கு 1,500 ரூபாய் கொடுத்தார்கள். இதை நம்பி வேலையை விட யாருக்கும் நான் சொல்ல மாட்டேன். ஒரு போட்டி அமைப்பாளர் மூன்று பந்தயத்துக்குப் பேசிவிட்டு ஒன்றுக்கு மட்டும் கொடுத்தார். அதன் பிறகு தேதி, நேரம், தொகை மூன்றையும் எழுத்தில் வாங்காமல் ஒப்புக்கொள்வதில்லை.

போன வருடக் கடைசியில் ஒரு அசல் பந்தயத் தளத்தில் ஒலிபெருக்கி வர்ணனைக்கு அரை நாள் வாய்ப்பு வந்தது. அங்கே எல்லாமே தலைகீழ். வீட்டில் வண்டி நெருங்க நெருங்கக் குரல் ஏறும். தளத்தில் வண்டிகள் மேடைக்கு முன்னால் வரும்போது நீங்கள் பேசுவது ஒருவருக்கும் கேட்காது. அவை தூரத்துத் திருப்பங்களில் இருக்கும்போது, மேடையில் இருப்பவர்களின் கண்ணுக்கு எட்டாத நேரத்தில் பேச வேண்டும். "இரண்டாவதாக வருகிற வெள்ளை வண்டி மிக நெருங்கிவிட்டது, கடைசித் திருப்பத்திலிருந்து வெளியே வரும்போது உங்கள் இடது பக்கம் பாருங்கள்" என்று சொல்லிவிட்டு வாயை மூடினேன். இரண்டாயிரம் தலையும் இடது பக்கம் திரும்பியது. வெள்ளை வண்டி உள்பக்கமாக முந்திக்கொண்டு வந்தது. அந்த ஒரு நிமிடத்துக்காக இன்னும் பத்து வருடம் இலவசமாகக்கூடப் பேசுவேன்.

அன்று இரவு அப்பாவிடம் சொன்னபோது, "நம்ம ஊர்ப் பந்தயத்துலயும் மைக்குக்காரன் அப்படித்தானத்தா, வண்டி எல்லை திரும்பினதுமே சொல்ல ஆரம்பிப்பான், கிட்ட வந்துட்டா பேச மாட்டான்" என்றார். நாற்பது வருடமாக அவர் கேட்டுவரும் குரல் அது. இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அந்த மைக்குக்காரர் பக்கத்தில் இரண்டு மணி நேரம் நின்று கேட்டேன்.

அடுத்த மாதம் எட்டு மணி நேரப் பந்தயம், மூன்று வகுப்பு, 38 வண்டி. பேரேட்டில் கோடு போட்டாயிற்று. பெயரைக் குரலில் பதிவு செய்து அனுப்பச் சொல்லி எல்லாருக்கும் எழுதியிருக்கிறேன். இன்னும் பதினோரு பேர் அனுப்ப வேண்டும்.